சொந்த வீட்டில் ஓர் அறை

புஷ்பவல்லிக்குக் கிள்ளானில் சொந்தமாக ஒரு வீடு இருந்தது. லிஃப்ட் இல்லாத பிளாட், நான்காவது மாடி. ஒரு தனியார் மருத்துவமனையில் இருபத்தெட்டு ஆண்டுகள் நோயாளிகளின் கட்டிலைத் தள்ளிச் சேர்த்த இ.பி.எஃப். சேமநிதிப் பணத்தை முன்பணமாகக் கட்டி வாங்கியது. அதில் அவர் குடியிருந்தது மொத்தமே இரண்டு ஆண்டுகள். கணவர் இறந்த பிறகு, பாங்குக் கடன் தலைக்கு மேல் நின்றது. பிளாட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலைக்குச் சேர்ந்தார். பக்கத்துத் தெருவில் கந்தப்பு என்ற ஓய்வுபெற்ற அரசாங்கக் கிளார்க்கின் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. அறுபத்திரண்டு வயதில் அவர் ஒரே நேரத்தில் வீட்டுக்காரராகவும் குடித்தனக்காரராகவும் இருந்தார்.

பிளாட்டில் இருந்தவர்கள் ராஜனும் அவன் மனைவி சுரேகாவும், பத்து வயது மகள் விஷ்ணுப்ரியாவும். முதல் மூன்று ஆண்டுகள் ஒரு குறையும் இல்லை. ராஜன் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தான். அங்கே ஃபோர்க்லிஃப்ட் அவன் வலது பாதத்தில் ஏறியது. அதிலிருந்து வாடகை பாதியானது, பிறகு நின்றே போனது. ஒப்பந்தம் முடிந்து போயிற்று. புதுப்பிக்கவும் இல்லை, காலி செய்யவும் இல்லை. புஷ்பவல்லி அனுப்பும் வாட்ஸ்அப் செய்திகளில் படித்ததற்கான நீலக்குறி மட்டும் விழும், பதில் வராது.

இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு அவர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போவார். நான்கு மாடி ஏறி மூச்சு வாங்க நிற்கும்போது சுரேகா உள்கதவை மட்டும் திறப்பாள். இரும்புக் கதவு பூட்டியே இருக்கும்.

"அடுத்த மாசம் கண்டிப்பா ஆன்டி."

"போன தடவையும் இதத்தானம்மா சொன்ன?"

"என்ன ஆன்டி செய்யறது, அவருக்கு வேலை இல்ல லா. டெபாசிட் இருக்குல்ல, அதுல கழிச்சுக்குங்களேன்."

"அது கழிஞ்சு ஏழு மாசமாச்சு."

சுரேகா அடுப்பைப் பார்க்க உள்ளே திரும்பிவிடுவாள். புஷ்பவல்லியும் அதற்கு மேல் கேட்கமாட்டார். கேட்கக் கேட்க அவருக்குத்தான் கால் வலித்தது.

விடுதியில் ஒரு பெண் சொல்லி, கிள்ளானில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தார். வக்கீல் அம்மா பொறுமையாகத்தான் பேசினார்.

"பூட்ட மாத்தாதீங்க. தண்ணி, கரண்ட கட் பண்ணாதீங்க. செஞ்சா அவங்க உங்க மேல கேஸ் போடலாம். நோட்டீஸ் அனுப்புவோம், அப்புறம் கோர்ட். ஆர்டர் கிடைச்சாத்தான் வெளியேத்த முடியும்."

"எவ்ளோ நாளாகும்மா?"

"மாசக் கணக்குல ஆகும் ஆன்டி. சீக்கிரம் முடிஞ்சா உங்க அதிர்ஷ்டம்."

நோட்டீஸ் போனது. பதில் வரவில்லை.

அதே மாதம் கந்தப்பு புஷ்பவல்லியை முன்அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவருக்கும் சொல்லக் கஷ்டமாக இருந்தது.

"பிள்ளையள் வீட்டை விக்கச் சொல்லுதுகள் தங்கச்சி. நான் என்ன செய்ய? மாசக் கடைசிக்குள்ள நீங்கள் வேற இடம் பார்க்கவேணும்."

புஷ்பவல்லி சரி என்று தலையாட்டிவிட்டு அறைக்கு வந்தார். பிரிக்பீல்ட்ஸில் அந்த வாடகைக்கு இன்னோர் அறை கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். கட்டிலில் உட்கார்ந்தபோது அந்த நினைப்பு வந்தது. நானும் போகாமல் இருந்தால்? இந்தக் கிழவரால் என்ன செய்ய முடியும்? பூட்டை மாற்றக் கூடாது, தண்ணீரை நிறுத்தக் கூடாது, கோர்ட்டுக்குப் போக வேண்டும். எல்லாச் சட்டமும் இப்போது புஷ்பவல்லிக்கு மனப்பாடம். இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டு சோறு வடித்தார். மூன்றாம் நாள் துணிகளை இரண்டு பைகளில் அடுக்கினார். நல்ல மனசு என்று யாரும் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு மாதமும் கந்தப்பு வந்து அறைக் கதவைத் தட்டுவதும், தான் உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் தன்னால் தாங்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது, அவ்வளவுதான்.

மாதக் கடைசி சனிக்கிழமை பிற்பகலில் இரண்டு பைகளோடு நான்கு மாடி ஏறினார். சுரேகா வழக்கம்போல உள்கதவைத் திறந்தாள்.

"எனக்கு இருக்க இடமில்ல சுரேகா. சண்ட போட வரல. பின்னால இருக்கிற சின்ன ரூம மட்டும் குடு."

"அவரு இல்ல ஆன்டி…"

"இங்கயே உட்கார்ந்திருக்கேன். நீ முடியாதுன்னா போயிடறேன். எங்கன்னுதான் தெரியல."

அவர் படியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் இரும்புக் கதவின் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. சுரேகா ஒரு பையைத் தூக்கிக்கொண்டாள்.

சாயங்காலம் ராஜன், புதிதாகத் தொடங்கிய சாப்பாடு டெலிவரி முடிந்து, நொண்டிக்கொண்டே வந்தான். பின்னறையில் விளக்கு எரிவதைப் பார்த்துக் கத்தினான். "யாரக் கேட்டு உள்ள விட்ட? போலீசக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடு," என்றாள் சுரேகா. "வந்து வாடகை கட்டுறியான்னு கேப்பாங்க. என்ன சொல்லுவ?"

அவன் கூப்பிடவில்லை.

ஐந்து வாரம் அப்படி ஓடியது. புஷ்பவல்லி விடியுமுன் எழுந்து ஐந்தரை ரயிலைப் பிடித்து வேலைக்குப் போவார். மாலை திரும்பி, அடுப்பு ஒழியும்வரை தன் வீட்டிலேயே காத்திருப்பார். தன் குளியலறையில் அவர்களுடைய சோப்பு, தன் ஜன்னலில் அவர்களுடைய துணி. ராஜனோடு பேச்சு இல்லை. ஆனால் இன்னும் ஆறாத அவன் பாதத்தின் கட்டுத்துணியிலிருந்து வந்த வாடை, மருத்துவமனையில் அவருக்குப் பழகிய வாடை. இரண்டு வாரம் வாயைத் திறக்காமல் இருந்தார். மூன்றாம் வாரம் முடியவில்லை.

"சீழ் புடிச்சிருக்கு ராஜன். நாளைக்கே போய்க் காட்டு."

"காட்டினா அட்மிட் பண்ணிடுவாங்க. அப்புறம் யாரு சாப்பாடு டெலிவரி ஓட்டறது? உங்களுக்கு யாரு வாடக கொடுப்பா?"

"இப்ப மட்டும் யாரு கொடுக்கிறா?"

அவன் முகம் சுருங்கியது. சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகப் போயிற்று. மறுநாள் அவன் கிளினிக்குக்குப் போனான். அதற்குள் வழக்கு பதிவாகி, முதல் விசாரணைத் தேதியும் வந்திருந்தது.

விசாரணைக்கு ஒன்பது நாள் முன்பு, செமினியில் இருக்கும் சுரேகாவின் அண்ணன் அவர்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போக லோரியோடு வந்தார். புஷ்பவல்லி மாடிப்படியில் ஒதுங்கி நின்று, மெத்தையும் பிரிட்ஜும் இறங்குவதைப் பார்த்தார். ராஜன் கடைசியாக வந்து நானூறு ரிங்கிட்டும் சாவிக்கொத்தும் கொடுத்தான். மன்னிப்புக் கேட்கவில்லை. "மீதிய அனுப்பறேன் ஆன்டி," என்று தரையைப் பார்த்துச் சொன்னான். அவன் அனுப்பமாட்டான் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. விஷ்ணுப்ரியா மட்டும் கை ஆட்டினாள்.

வக்கீல் அம்மா போனில் கேட்டார், பாக்கிக்கு வழக்கைத் தொடரலாமா என்று.

"அவன்கிட்ட இருந்தாத்தானேம்மா வரும்?"

"அதுவும் சரிதான். வேணும்னா முயற்சி பண்ணலாம்."

"வேணாம். விட்டுடுங்க."

அன்று புஷ்பவல்லி விடுதிக்கு லீவு சொல்லிவிட்டு, காலியான பெரிய அறையின் தரையில் பகல் முழுக்கத் தூங்கினார். ஆனால் பாங்குக் கடன் இன்னும் மூன்று ஆண்டு பாக்கி இருந்தது. அடுத்த வாரம், கீழே உள்ள மளிகைக்கடைக் கண்ணாடியில் 'ரூம் வாடகைக்கு' என்று எழுதி ஒட்டினார். மறுநாளே ஒரு பெண் போன் செய்தாள். ஒரு மாத டெபாசிட் போதுமா ஆன்டி, மற்றது சம்பளம் வந்ததும் தருகிறேனே என்றாள்.

புஷ்பவல்லி ராஜன் கொடுத்த சாவிக்கொத்தைக் கையில் எடுத்தார்.

"ஞாயித்துக்கிழம வந்து ரூமப் பாரும்மா," என்றார் கடைசியில். "அப்புறம் பேசிக்கலாம்."