நாலு கிலோமீட்டர் சுற்று

2023 ஆகஸ்ட் 17, வியாழன், காலை 10.40. மேகமூட்டம், மழை இல்லை. சட்டை முதுகில் ஒட்டியது. ராணுவத் தீர்ப்பாயத்துக்கு வெளியே பதினேழு நாற்காலிகள். மூன்று ஆடின.

நான் பட்டாளத்தில் எழுத்தராக இருந்தவன். முப்பத்திரண்டு வருஷம் முன்பு, விடுப்பு முடிந்து டிரங்குப் பெட்டியோடு சென்ட்ரலுக்குக் கிளம்பினேன். தி. நகரில் ஆட்டோவை லாரி இடித்தது. வலது கால் ஒன்றரை அங்குலம் குட்டையாயிற்று. ஊன ஓய்வூதியம் கேட்டேன். காயம் பணியால் வந்ததல்ல என்று இரண்டு முறை மறுத்தார்கள். இது கடைசி வாய்ப்பு.

முகாமுக்குத் திரும்பும் பயணமும் பணிதான் என்பது எங்கள் வாதம். ஆனால் நேர்வழியில் போயிருக்க வேண்டும். மந்தைவெளி வீட்டிலிருந்து சென்ட்ரல் போகிறவனுக்கு தி. நகரில் என்ன வேலை? மனைவிக்குப் பிடிக்காத புடவையை மாற்றி, அவளிடம் சேர்க்கச் சொல்லி அங்கே வேலை பார்த்த மைத்துனனிடம் கொடுக்கப் போயிருந்தேன்.

"ரோடு பத்திக் கேட்டா, டிராபிக், ஆட்டோக்காரன் அப்படிப் போனான்னு சொல்லுங்க சார்," என்றார் வக்கீல். "கிலோமீட்டர் கணக்கெல்லாம் எடுத்து விடாதீங்க. உங்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு."

உள்ளே விசாரிக்க இரண்டு பேர். ஒருவர் முன்னாள் ராணுவ அதிகாரி. கோப்பை மூடிவிட்டு என்னையே பார்த்தார்.

"அது வழக்கமா போற வழியா?"

வக்கீல் தொண்டையைச் செருமினார். பின் பெஞ்சில் மனைவியின் வளையல் அசைந்தது. மின்விசிறி எட்டுச் சுற்று சுற்றியதை எண்ணினேன்.

"இல்லை ஐயா. நேர்வழி ஏழு கிலோமீட்டர். நான் போனது பதினொன்று."

"எதுக்கு?"

"சொந்த வேலை ஐயா."

12.15க்கு மனுவைத் தள்ளுபடி செய்தார்கள்.

வெளியே மனைவி ஆடாத நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள். "டிராபிக்னு சொல்லியிருந்தா குடியா முழுகிப்போயிருக்கும்?"

"அவர் நேரா என்னையே கேட்டார்."

"புடவைன்னு மட்டும் ஏன் சொல்லலை?"

"அதைக் கேக்கலையே."

"நான் வேற கலர்தான் கேட்டேன். காலைக் கேக்கலை," என்றாள். பிறகு என் கைத்தடியைத் தானே எடுத்துக் கொடுத்தாள்.

அன்றிரவு கூட்டிப் பார்த்தேன். வக்கீல், நகல்கள், ஏழு தடவை ஆட்டோ, இரண்டு காபி: 31,480 ரூபாய். புடவை மாற்றியபோது மேலே கொடுத்த நாற்பதையும் சேர்த்தால், 31,520.