ஹோரஸ் மாப்ஸ் மாட்டிய பித்தளைத் தகடு

போர் முடிந்து பத்து வருடம் கழித்து எங்கள் பெக்ஸ்டன் கிராமத்தில் நிலம் வாங்கி வந்தவர் ஹோரஸ் மாப்ஸ். ஆனால் போரைப் பற்றி எங்களுக்கே பாடம் எடுப்பார். பழைய விமான ஓடுதளத்தை ஒட்டி அவருடைய பார்லி வயல். வேலியோரம் ஒரு கார் நின்றால் போதும், டிராக்டரை விட்டுவிட்டு ஓடிவருவார். வந்தவர்களை வயல் மூலையிலுள்ள செங்கல் கொட்டகைக்குக் கூட்டிப்போய், "விமானிங்க கிளம்புறதுக்கு முன்னாடி ஜெபம் பண்ண இடம்" என்று தொப்பியைக் கழற்றுவார். அவர்களும் கழற்றுவார்கள்.

அது கக்கூஸ். போர்க்காலத்தில் என் அம்மா கழுவிவிட்ட கக்கூஸ்.

ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆனால் ஒருவரை முகத்துக்கு நேரே தப்பு என்று சொல்வதற்குப் பதில் நாங்கள் உயிரை விட்டுவிடுவோம். 'விமானிகள் ஜெபித்த இடம்' என்று அங்கே பித்தளைத் தகடு வைக்க ஊர்க் கூட்டத்தில் அனுமதி கேட்டார். ஆட்சேபணை உண்டா என்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம், டீ குடித்தோம். தகடு வந்துவிட்டது.

பன்னிரண்டு வருடம் கழித்து எல்மர் டோம்பெக் என்ற அமெரிக்கர் வருவதாக ஹோரஸுக்குக் கடிதம் எழுதினார். இங்கிருந்து பறந்த குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கி பிடித்தவர். தளத்தின் படத்தையும் வரைந்து அனுப்பியிருந்தார். அந்தக் கொட்டகை இருந்த மூலையில் கொட்டை எழுத்தில் 'கழிப்பறை'.

அவர் வரும் நாள் காலையில் ஹோரஸ் திருப்புளியோடு என் வாசலில் நின்றார்.

"ரூபி, உனக்குத் தெரியுமா?"

"தெரியும். சொன்னா உன் மனசு கஷ்டப்படுமேன்னு..."

"இப்ப மனசு ரொம்பக் குளிர்ந்துபோச்சு! பிஷப்பே தொப்பியைக் கழட்டினாரு, ரூபி! இனி இந்த ஊர்ல நான் எப்படித் தலை காட்டுவேன்?"

பாவமாக இருந்தது. தகட்டைக் கழற்ற அவர்கூடப் போனேன். திருகாணிகள் துருவேறி அசையவே இல்லை. கார் சத்தம் கேட்டதும் என் ஏப்ரனை அவிழ்த்துத் தகட்டின்மேல் தொங்கவிட்டேன்.

எல்மர் தடியூன்றி வந்தார். "இங்கயா துணி காயப்போடுறீங்க?" என்று ஏப்ரனைத் தூக்கினார். படித்தார்.

"தப்பு என்னோடதுதான் ஐயா. இன்னிக்கே எடுத்துடுறேன்" என்றார் ஹோரஸ்.

"யாரு எடுக்கச் சொன்னா? சர்ச்சுக்குப் போனது பாதிரியாருக்காக. கடவுளே, என்னைத் திருப்பிக் கொண்டுவந்துடுன்னு நான் கெஞ்சினது இங்கதான். முப்பது தடவை. பக்கத்துத் தடுப்புல எங்க பைலட் அழுவான். கேக்காத மாதிரி நான் இருமுவேன்." தொப்பியைக் கழற்றினார். "அவன் உயிரோட திரும்பலை."

நான் ஏப்ரனில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

இப்போதும் கார் நின்றால் ஹோரஸ் ஓடுகிறார். முதலில், "இது கக்கூஸ்" என்கிறார். சிரிக்கிறார்கள். சிரித்து முடியும்வரை காத்திருந்து, தொப்பியைக் கழற்றுகிறார்.