அழகர்கோவில் சாலையில் ஒரு கண்ணீர் அஞ்சலி

ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஓவியர் எல்லன், அழகர்கோவிலுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் ஒரு சமுதாயக் கூடத்தில், தன் மக்களின் கதைகளைப் புள்ளி ஓவியமாகச் சொல்லித்தர வருகிறார் என்றதும் பெயர் கொடுத்துவிட்டேன். போன ஜனவரி, ஒரு சனிக்கிழமை. அவரோடு வரவேண்டிய தங்கை முந்தின மாதம் இறந்துவிட்டார். ஏற்பாடு செய்த நண்பன் செந்திலிடம், "வாசல்ல அந்தம்மாவுக்குக் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் வச்சிரு மாப்ள" என்று படத்தையும் அனுப்பியவன் நான்தான். மதுரைக்காரனுக்கு வேறு எப்படி இரங்கத் தெரியும்!

அன்று காலை 8.30-க்கு, கே.கே. நகர் வீட்டில் இட்லியைப் பிட்டபடி பயிற்சிக் குறிப்பைப் படித்தேன். எல்லன் குடும்ப வழக்கப்படி, இறந்தவரின் பெயரைச் சொல்லக் கூடாது, படத்தைக் காட்டக் கூடாது. செந்தில் போனை எடுக்கவில்லை. மெசேஜ் போட்டுவிட்டு ஓடினேன்.

ஆட்டோவுக்கு 450 ரூபாய், பதினாறு கிலோமீட்டர். மாட்டுத்தாவணியிலிருந்து பஸ் உண்டு, அவசரத்துக்கு ஆகாது.

"அண்ணே, வெரசாப் போங்க."

"இம்புட்டு வேகம் பத்தாதா? யாருக்கு என்ன?"

சொன்னேன். "எங்கப்பா படத்த நடுவீட்ல மாட்டிருக்கேன். அவுகளுக்கு அது ஆகாதா?" என்றவர், வண்டியை முறுக்கினார்.

9.20. வாசலில் இரண்டு கம்புகள் மட்டும் நின்றன. போன உயிர் வந்தது. எல்லன் முன்னதாகவே வந்து, பிள்ளைகள் நடுவே வெள்ளை ஷீட்டில் உட்கார்ந்திருந்தார். செந்தில் என் காதில் சொன்னான்: "மெசேஜப் பாத்ததும் கழட்டிட்டேன் மாப்ள. பெயிண்ட் சிந்தும்ல, அதான் அதையே படம் கீழ இருக்க, தரையில திருப்பி விரிச்சுட்டேன்."

தங்கை முகத்தின் மேலேயே உட்கார வைத்துவிட்டான்!

வட்டத்துக்குள் வட்டம் என்றால் தண்ணீர் இருக்குமிடம் என்று எல்லன் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. மூன்று மணி நேரமும், ஃபேன் காற்றில் படபடத்த ஓரத்தை முழங்காலால் அழுத்தியபடி வியர்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் பிள்ளைகள் சிந்திய வண்ணங்களைப் பார்த்துச் சிரித்தார் எல்லன். "இந்த ஷீட்டை ஊருக்கு எடுத்துப் போகலாமா?" என்று ஓரத்தைத் தூக்கக் குனிந்தார்.

"வேண்டாம்!" கத்திவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், பெயரைத் தவிர.

தூக்கிய ஓரத்தை அவர் மெல்லக் கீழே விட்டார். "முகம் தரையைப் பார்த்துத்தானே இருக்கிறது?"

"ஆமாம்."

உள்ளங்கையை ஷீட்டில் வைத்தார். "எல்லாரும் கொஞ்சம் வெளியே இருங்கள்."

1.05-க்கு வந்தார். வெள்ளைப் பக்கம் வெளியே தெரியச் சுருட்டிய ஷீட் கையில் இருந்தது. கண்கள் சிவந்திருந்தன. பார்த்தாரா என்று கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் இல்லை.

இப்படிப் பயிற்சிக்குப் போகிறவர்கள், குறிப்பை முதல் நாளே படித்துவிடுங்கள். கூடத்தில் வெறும் சிமெண்ட் தரைதான். வீட்டிலிருந்து ஒரு பாய் கொண்டுபோங்கள்.