மூன்றாம் நாள் எழாத ராசா

புது பிளாஸ்டிக்கின் மணம் எப்படியிருக்கும் என்பதைச் செல்வி வீட்டு "இஸ்தோப்பில்" நின்றுதான் முதன்முதலில் தெரிந்துகொண்டேன். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் முன்தாழ்வாரத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போயிருந்த அவளுடைய அம்மா, ஊர் திரும்பிய ஒருத்தியிடம் கொடுத்தனுப்பிய பொட்டலத்தில், சவர்க்காரத்துக்கும் பால்மா டின்னுக்கும் நடுவே ஒரு பொம்மை வந்திருந்தது. ஒரு சாண் உயரத்தில் பச்சை உடம்பு வீரன், மார்பில் வெள்ளிக் கவசம், முதுகுப் பொத்தானை அமுக்கினால் கோடரியை ஓங்கும் வலது கை. அவன் இருந்த பெட்டிக்குள்ளேயே உள்ளங்கை அளவில் அவனுடைய படக்கதைப் புத்தகமும் இருந்தது.

இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்கு மேலேயிருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அதுவரைக்கும் மற்றவர்களைப் பொறாமைப்பட வைப்பது என் வேலையாக இருந்தது. அப்பா தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார். காலில் சப்பாத்தும் மழைக்குச் சிவப்பு ரெயின்கோட்டுமாக நான் போகும்போது லயத்துப் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். எண்பதுகளின் நடுவில் வந்து சேர்ந்த அந்தப் பச்சை வீரன் ஒரே நாளில் அத்தனை கண்களையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். எனக்கு வயிறு எரிந்தது. அதைவிட மோசம், செல்வி கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. கை கழுவி வந்தால் யார் வேண்டுமானாலும் பொத்தானை அமுக்கலாம் என்று சொல்லிவிட்டாள். என்னிடம் மட்டும், "நீ கழுவ வேணாம் புள்ள, ஒன் கை சுத்தமாத்தான் இருக்கும்" என்றாள். அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை.

எனக்கும் ஒன்று வேண்டுமென்று அழுதபோது அம்மா, "அவங்கம்மா பெத்த புள்ள மொகத்தப் பாக்காம கெடந்து அனுப்புனது அது. அப்ப நானும் போகட்டுமா?" என்று கேட்டார். போனால்தான் என்ன என்று ஒரு நிமிடம் நினைத்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தண்ணீருக்குப் பதில் வெளிச்சம் சுரக்கும் ஒரு கிணறு, அதைக் காக்கும் பச்சை அரசன், கிணற்றைத் திருட வரும் கல்முகக் கூட்டம் என்று நாளுக்கு இரண்டு பக்கம் சொல்வேன். தெரியாத சொல் வந்தால் சொந்தச் சரக்கைச் சேர்த்து ஒப்பேற்றுவேன். வாசிக்கும்வரை எல்லாரும் என் வாயைப் பார்ப்பார்கள். புத்தகத்தை மூடியதும் "செல்வியோட ராசா"விடம் ஓடிவிடுவார்கள்.

மாசி பிறந்தது, "காமன் கூத்தும்" வந்தது. காமனைச் சிவன் எரிப்பதும், ரதியின் அழுகைக்கு இரங்கி மூன்றாம் நாள் எழுப்புவதும் எங்கள் தோட்டத்தில் வருடா வருடம் நடப்பவை. எரிந்தவன் எழுவான் என்பதில் எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அந்த வாரம்தான் கதையின் கடைசிப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தோம். அரசன் கோட்டை வாசலில் நிற்க, பின்னால் வானம் செக்கச்செவேலென்று இருந்தது. நான் வரியின் மேல் விரலை ஓட்டி, "ராசா தீயில எறங்குறாரு. மூணாம் நாளு ரெண்டு மடங்கு பலத்தோட எழும்புறாரு" என்று வாசித்தேன்.

"நெசமாவா?" என்றாள் செல்வி.

"புஸ்தகத்துல அப்பிடித்தான் போட்டிருக்கு."

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் லயத்துக்குப் பின்னால், கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடிகளின் காய்ந்த குச்சிகளான "மிலாறை" அடுக்கி, அதன்மேல் ராசாவை நிறுத்தி, பூ வைத்துக் கும்பிட்டு, அவளே நெருப்பு மூட்டினாள். கோடரி பிடித்த கை முதலில் வளைந்தது. எனக்கு மனது குளிர்ந்தது.

மூன்றாம் நாள் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுக் குச்சியால் சாம்பலைக் கிளறினாள். கருப்பாய் ஒரு கட்டி கிடந்தது. அவள் அழவில்லை. "இன்னொரு வாட்டி படிச்சுப் பாரு புள்ள. நாங்கதான் நாள தப்பா எண்ணியிருப்போம்" என்று புத்தகத்தை நீட்டினாள். உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். நான் பார்ப்பதுபோல் பார்த்து, "ஏழு நாளுன்னு போட்டிருக்கு" என்றேன். ஏழு நாளும் பார்த்துவிட்டு, "நீயே வச்சுக்க. எனக்குத்தான் படிக்கத் தெரியாதே" என்று புத்தகத்தை என்னிடமே தந்துவிட்டாள். பின்னர் ஊர் திரும்பிய அவளுடைய அம்மா பொம்மையைக் கேட்டபோது நானும் பக்கத்தில் நின்றேன். "வெளையாடுறப்ப தொலைச்சுட்டேம்மா" என்றாள் செல்வி.

அந்த லயம் இப்போது இல்லை. மிலாறு எரிந்த இடத்தில் யாரோ முட்டைக்கோவா நட்டிருக்கிறார்கள். செல்வியின் அம்மாவும் இறந்துவிட்டார். போன வாரம் ஹட்டனிலிருந்து செல்வி தொலைபேசியில் அழைத்தாள். "அந்தப் புஸ்தகம் இன்னும் ஒன்கிட்ட இருக்கா? எம்பேத்தி இங்கிலீசு நல்லா படிக்கிறா. கடைசிப் பக்கத்த அவள வாசிக்கச் சொல்லி, நாங்க எங்க தப்புப் பண்ணோம்னு பாக்கணும்."

கடைசிப் பக்கத்தில் ஒரே வரிதான் இருக்கிறது. வாசல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது என்று அரசன் சொல்கிறான். மிக எளிய ஆங்கிலம். அன்றைக்கே எனக்குப் புரிந்த வரி. அந்தப் பேத்தி அதை ஒரே மூச்சில் வாசித்துவிடுவாள் என்று நினைக்கும்போது அந்தச் சின்னப் பெண்மீதும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருகிறது. புத்தகத்தை உறைக்குள் போட்டு, முகவரி எழுதி, முத்திரையும் ஒட்டியாயிற்று. உறையின் வாயைத்தான் இன்னும் ஒட்டவில்லை.