முனகியது வண்டியா, அண்ணாச்சியா?

அந்தக் கார் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வருவதற்கு முன் நடந்தவை, வரிசைப்படி:

1. ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் சங்கரபாண்டியன் அண்ணாச்சிக்குத் தோள்பட்டை வலி வந்தது.
2. எண்ணெய் மசாஜ் செய்தால் சரியாகும் என்று யாரோ சொன்னார்கள். தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குத் தன் பழைய டீசல் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வாராவாரம் போனார்.
3. வலி கூடியது.
4. எனவே வாரம் இரண்டு தடவை போனார்.
5. வலி இன்னும் கூடியது.
6. கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை இருந்தது. குற்றாலத்தில் எண்ணெய் சொட்டாத இடம் ஏது என்று அதை விட்டுவிட்டார்.
7. ஒருநாள் ஐந்தருவியிலிருந்து திரும்பும்போது, ஒரு வளைவில் ஸ்டியரிங் திரும்ப மறுத்தது. கார் ஒரு பழக்கடையின் ரம்புட்டான் கூடைக்கு முன்னால் போய் நின்றது. கூடைக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைக்கார அம்மா சொன்னதை இங்கே எழுத முடியாது.
8. பக்கத்து சீட்டில் இருந்த அவர் மனைவி கோமதி ஆச்சி, இவர் இனி கார் ஓட்டக் கூடாது, காரை விற்றுவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தார்.

நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவள். தென்காசியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் அட்வைசர். வருபவர் சொல்வதைக் கேட்டு, வண்டியைப் பார்த்து, என்ன வேலை என்று தீர்மானித்து மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இப்படி ஒரு வண்டி பாடப்புத்தகத்தில் வராது.

இருவரும் சேர்ந்துதான் வந்தார்கள். கம்ப்ளைன்ட் மட்டும் தனித்தனி.

"வாட்டர் வாஷ், பாலிஷ். அவ்வளவுதான் தாயி," என்றார் ஆச்சி. "நாளைக்குக் கடையநல்லூர்லேருந்து ஒருத்தர் வண்டிய வாங்க வருதாரு."

"ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்கும்மா. அதப் பாரு மொதல்ல," என்றார் அண்ணாச்சி.

"வண்டில ஒண்ணும் இல்ல. இவியளுக்குக் கை தளந்துட்டு. ஒவ்வொரு திருப்பத்துலயும் ம்ம்ம்ம்னு முனங்குதாவ. பக்கத்துல உக்காந்து நான் கேக்கேன்லா?"

"நான் எங்கட்டி முனங்குனேன்? வண்டி முனங்குது!"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து கேட்டுட்டு இருக்கேன். ஒங்க முனங்கல் எனக்குத் தெரியாதா?"

நான் இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

அண்ணாச்சி ஆபீஸ் அறைப் பக்கம் போனதும் ஆச்சி என் கையில் ஒரு பொட்டலம் மங்குஸ்தான் பழத்தைத் திணித்தார். "வண்டி நல்லா இருக்குன்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லிரு. திருப்பத்துல இவிய பக்கத்துல உக்காந்தா என் உயிர் என்கிட்ட இல்ல."

ஆச்சி தண்ணீர் குடிக்கப் போனதும் அண்ணாச்சி வந்தார். அவர் கையில் ரம்புட்டான். "ஸ்டேஷன் ஜீப்ப பவர் ஸ்டியரிங் இல்லாம ஓட்டுன கை இது. வண்டி மேலதான் தப்புன்னு நீ ஒரு வார்த்த சொன்னா போதும்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வண்டி போச்சுன்னா நான் வீட்டோட கெடக்கணும்மா. அவளுக்கு டிவி இருக்கு. எனக்கு என்ன இருக்கு?"

இரண்டு பொட்டலங்களையும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டு கட்சிக்கும் அது தெரியட்டும் என்றுதான்.

எங்கள் மெக்கானிக் மாரியப்பன் அண்ணன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். கை வழுக்கியது. கியர் ராடைத் தொட்டார். அதுவும் வழுக்கியது. சீட், கதவுக் கைப்பிடி, ஹாரன் எல்லாவற்றிலும் மூலிகை வாசனை.

"அண்ணாச்சி, வண்டிக்கும் சேத்து மசாஜ் பண்ணிட்டாவளா?"

"ஏலே மாரியப்பா, சோலியப் பாருலே."

ஸ்டியரிங் கனமாக இருந்தால் பார்க்க வேண்டியதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் முன் டயர்களில் காற்று. சரியாக இருந்தது. அடுத்து பவர் ஸ்டியரிங் பம்பைச் சுழற்றும் பெல்ட். அதிலும் குறை இல்லை. எஞ்சினை ஆஃப் செய்து திருப்பிப் பார்த்தேன், ஆன் செய்து திருப்பிப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே கனம். அப்படியென்றால் பவர் ஸ்டியரிங்கில் ஸ்டியரிங் மட்டும்தான் இருக்கிறது, பவர் இல்லை. ஸ்டியரிங் ஆயில் டேங்க் மூடியைத் திறந்தேன். அடி தெரிந்தது.

டேங்குக்கு ஆயில் திரும்பி வருகிற ரப்பர் ஹோஸ், கிளிப்புக்குப் பக்கத்தில் வெடித்திருந்தது. கசிந்த சிவப்பு ஆயிலில் புழுதி அப்பிக் கிடந்தது. விரலில் தொட்டு முகர்ந்தேன். மூலிகை வாசனை இல்லை. குற்றாலத்துக் கறையில் பாதி இந்த வண்டியுடையது.

ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருக்கிறது, ஸ்டியரிங் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்திருக்கிறது. அண்ணாச்சியின் தோள் வலிக்கு அதுதான் காரணம். அந்தத் தோளைச் சரிசெய்ய அதே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டுதான் குற்றாலம் போய்வந்திருக்கிறார். இருவரிடமும் அதைச் சொன்னேன்.

"கேட்டியாட்டி!" என்றார் அண்ணாச்சி.

"ஆயில் இல்லன்னுதான சொல்லுதா. முனங்கலப் பத்தி ஒண்ணும் சொல்லலயே," என்றார் ஆச்சி.

ஹோஸும் கிளிப்பும் புதிதாகப் போட்டு ஆயில் ஊற்றினோம். நான் தடுப்பதற்குள் அண்ணாச்சி சீட்டில் ஏறி எஞ்சினைப் போட்டு, ஸ்டியரிங்கை ஒரே மூச்சில் கடைசி வரைக்கும் வளைத்தார்.

ம்ம்ம்ம்ம்.

ஒர்க்‌ஷாப் முழுக்கக் கேட்டது. ஆச்சி இடுப்பில் கையை வைத்தார். "எண்ணெயும் ஊத்தியாச்சு. இப்பவும் யாரு முனங்குதா?"

நான் எஞ்சினை அணைக்கச் சொல்லி, அண்ணாச்சியைக் கீழே இறங்கச் சொன்னேன். அவரை ஆச்சிக்கு நேர் எதிரே நிற்க வைத்துவிட்டு நான் ஏறினேன். எஞ்சினைப் போட்டு இரண்டே நொடி மெதுவாகத் திருப்பினேன்.

ம்ம்ம்ம்.

ஆச்சி வண்டியைப் பார்க்கவில்லை. அண்ணாச்சியின் வாயையே பார்த்தார். அது இறுக மூடியிருந்தது.

"வாயத் தொறக்கலயே," என்றார் ஆச்சி, பாதி தனக்குள்.

அண்ணாச்சி முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதைக் கெடுக்க வேண்டியது என் வேலையாகிவிட்டது. "அண்ணாச்சி, முனகுவது பம்பு. ரெண்டு காரணம் இருக்கலாம். உள்ளே காற்று புகுந்திருந்தால் எடுத்துவிடலாம். ஆயில் இல்லாமல் ஓடி பம்பே தேய்ந்திருந்தால், இந்தப் பழைய வண்டிக்குப் புது பம்பு போடுங்கள் என்று நானே சொல்ல மாட்டேன்."

"அப்ப?"

"அப்ப கடையநல்லூர்காரர்தான்," என்றார் ஆச்சி. ஆனால் முன்பிருந்த வேகம் அந்தக் குரலில் இல்லை.

கொஞ்சம் முன்புவரை வண்டிதான் முனக வேண்டும் என்று நினைத்த மனிதர், இப்போது வண்டி முனகக் கூடாதே என்று பானட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

காற்று எடுப்பதற்கு அவசரம் ஆகாது. முன்சக்கரம் இரண்டும் தரையில் படாமல் ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டும். எஞ்சினைப் போடாமல், ஸ்டியரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். டேங்கில் குமிழி வரும், ஆயில் இறங்கும், ஊற்ற வேண்டும். திருப்பும் வேலையை அண்ணாச்சி விட்டுக்கொடுக்கவில்லை. டேங்கைப் பார்க்கும் வேலையை, யாரும் கேட்காமலே, ஆச்சி எடுத்துக்கொண்டார். அடுப்பில் பால் வைத்தவர் மாதிரி குனிந்து நின்றார்.

"வருது... வருது... பொங்குது! கொஞ்சம் நிறுத்துங்க. ஏட்டி, எண்ணெய் கீழ போவுது, ஊத்து. ம், இப்பத் திருப்புங்க. மெதுவா! ஐந்தருவி வளைவா அங்கன இருக்கு?"

"நீ சொல்லுத மாதிரிதான திருப்புதேன்."

"இத அன்னைக்கே கேட்டிருக்கலாம்லா."

நுரை அடங்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் நான்கு பேரும் இரண்டு பொட்டலங்களையும் பிரித்துத் தின்றோம். யார் கொண்டுவந்த பழம் எது என்று யாரும் கேட்கவில்லை. அண்ணாச்சி மட்டும் ரம்புட்டான் தோலைத் துண்டு துண்டாகக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

பிறகு எஞ்சினைப் போட்டு மறுபடி திருப்பினோம். முதலில் லேசாக முனகியது. அடுத்த தடவை இன்னும் லேசாக. அப்புறம் எஞ்சின் சத்தம் மட்டும். சக்கரங்களைத் தரையில் இறக்கினோம். ஒற்றை விரலால் திருப்பிக் காட்டினேன். பம்பு தப்பித்துவிட்டது.

அண்ணாச்சி டிரைவர் சீட்டில் ஏறினார். ஆச்சி பக்கத்தில். நான் பின்சீட்டில். ஒர்க்‌ஷாப் வாசலில் இடது பக்கம் திரும்ப வேண்டும். இத்தனை மாதம் முழு பலத்தோடு வளைத்துப் பழகிய கை, அதே பலத்தோடு வளைத்தது. கார் ரோட்டுக்குப் போகாமல் எங்கள் பெயர்ப் பலகையை நோக்கிப் போனது. பிரேக் அடித்தார். பலகைக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது.

ஆச்சி கண்ணைத் திறந்தார். "கை தளந்துட்டுன்னு சொன்னேன்லா, அது தப்பு," என்றார். "கூடிப்போச்சு."

டெஸ்ட் டிரைவ் இலஞ்சி வரை போய்த் திரும்பியது. ஒரு வளைவிலும் சத்தம் இல்லை. இறங்கியதும் ஆச்சி போனை எடுத்தார். கடையநல்லூர்காரரிடம் அவர் பேசியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"நாளைக்கு வராண்டாம். ஆமா, குடுக்கல. ஸ்டியரிங்ல கோளாறு இருந்துது. ஆமா, வண்டிலதான் கோளாறு, ஆளுகிட்ட இல்ல. அதான் வண்டிய வச்சுக்கிடுதோம்."

அந்தப் பக்கம் இருந்தவருக்குக் கணக்கு புரிந்திருக்காது. அண்ணாச்சிக்குப் புரிந்தது. அவர் பானட்டில் தன் முகத்தைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டார்.

இதற்குப் பிறகு, ஸ்டியரிங் கனம் என்று யார் வந்தாலும் டயரைப் பார்ப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்கிறேன்: தோள் வலி இருக்கிறதா? வண்டியின் கோளாறைத் தன் உடம்பின் கோளாறு என்று நினைத்துக்கொண்டு ஓட்டுபவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம். அவர்கள் மருத்துவரிடமும் போவார்கள், மசாஜுக்கும் போவார்கள். நம்மிடம் வருவது கடைசியில்தான்.

இன்றைய நிலவரம்: கார் விற்கப்படவில்லை. அண்ணாச்சிதான் ஓட்டுகிறார். ஹோஸில் கசிவு இல்லை. ஆயில் டேங்க் மூடியைத் திறந்து பார்ப்பது ஆச்சியின் பொறுப்பு. பார்த்து எனக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புகிறார், அளவு எப்போதும் சரியாக இருக்கிறது. தோள் வலி போய்விட்டது. குற்றால மசாஜ் நிற்கவில்லை. முனகல் இப்போதும் கேட்கிறதாம், வண்டியை விட்டு இறங்கும்போது மட்டும். அது வண்டியில்லை என்று இருவரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.