புளியமரத்து ஆணி

பாகூர் ஏரிக்கரைப் புளியமரத்தில் ஓர் ஆணி இருக்கிறது. அதில் சுற்றியிருக்கும் முடி என் மாமா மகளுடையது. பேய் ஓட்டியதும் உச்சிமுடியைக் கொத்தாக அறுத்து மரத்தில் அறைந்துவிட்டால் பேய் அங்கேயே கிடக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

சின்ன வயதில் நாங்கள் ஒட்டிக்கொண்டே திரிவதைப் பார்த்து அத்தை, "நீ ஆம்பளையா பொறந்திருந்தா இவள உனக்கே கட்டி வெச்சிருப்பேன்டி" என்று கேலி செய்வாள். கல்லூரி முடித்தபின் மகள், வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் வேண்டாம் என்றாள். காரணம் சொல்லவில்லை, சாப்பிடவும் இல்லை. கரும்புக்கொல்லைப் பக்கம் தனியாகப் போனபோது ஏதோ பிடித்துக்கொண்டது என்று அத்தை முடிவுகட்டிவிட்டாள். அவள் தனியாகப் போகவில்லை, என்னோடுதான் போனாள். நாங்கள் காதலித்தோம்.

உச்சிவேளையில் பம்பை முழங்கியது. பூசாரி வேப்பிலையால் அடித்து, "யாரு நீ? பேரச் சொல்லு!" என்று அதட்டிக்கொண்டே இருந்தார். நானும் கூட்டத்தில் நின்றிருந்தேன். அடி தாங்காமல் என் பேரைச் சொல்லிவிட்டால்? அப்பா என்னை வெட்டிப்போட்டுவிடுவார்.

அவள் நிமிர்ந்தாள். என்னைத்தான் பார்த்தாள். வந்த குரல் அவளுடையது இல்லை, கரகரத்த கிழக்குரல்.

"ஏரியில வுழுந்து செத்தவடா நானு."

"போறதுக்கு இன்னா வேணும்?"

"இவளுக்குக் கல்யாணம் பேசக் கூடாது. அதோ நிக்கிறாளே, அவ கூடவே இருக்கட்டும். பிரிச்சீங்க, திரும்பி வந்து இவள ஏரிக்கே இட்டுக்கினு பூடுவேன்."

அத்தை கும்பிட்டுச் சத்தியம் செய்தாள். இதையே மகள் கேட்டிருந்தால் விளக்குமாறு பிய்ந்திருக்கும்.

இப்போது இருவரும் வில்லியனூரில் ஒரே வீட்டில் இருக்கிறோம். அத்தை போன் செய்து, "அது அடங்கி இருக்குதாடி?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்பாள். எனக்குச் சிரிப்பு வரும். என்ன சாமர்த்தியம் இவளுக்கு என்று மனசுக்குள் பூரித்துக்கொள்வேன். பட்ட அடியை நினைவூட்ட வேண்டாமென்று அவளிடம் மட்டும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

போன வாரம் ஊருக்குப் போனபோது அவளை மரத்தடிக்கு அழைத்துப்போனேன். ஆணி துருவேறித் தளர்ந்திருந்தது. இரண்டு மூன்று இழை முடி மிச்சம். பிடுங்கி ஏரியில் எறிந்துவிடலாம் என்று அதை ஆட்டிக்கொண்டே, "அன்னிக்கு இன்னாமா நடிச்சேடி!" என்றேன்.

அவள் விழித்தாள். "நான் எங்கடி நடிச்சேன்? பம்பை அடிச்சதுதான் ஞாபகம் இருக்குது. இன்னா பேசினேன்னு அப்புறம் அம்மா சொல்லித்தான் தெரியும்."

ஆணியிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்தேன். கீழே கிடந்த கல்லை எடுத்தேன். "இன்னாடி பண்றே?" என்று அவள் கேட்கக் கேட்க, ஆணியைத் திரும்பவும் மரத்துக்குள் அடித்து இறக்கினேன்.