அம்மா மண்டபத்தில் பை காத்தவர்

ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் எங்கள் வீட்டு ஆண்கள் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் தர்ப்பணம் செய்வார்கள். அப்பாவும் நானும் மட்டும் காவிரிப் படியில் உட்கார்ந்து அவர்களுடைய பைகளையும் செருப்புகளையும் காவல் காப்போம். தகப்பன் உயிரோடு இருப்பவன் தர்ப்பணம் செய்யக் கூடாது என்பது எங்கள் வழக்கம். நான் உட்கார்ந்திருந்ததில் நியாயம் உண்டு. என் தகப்பன் பக்கத்திலேயே வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார். எண்பது தாண்டிய அவர் ஏன் உட்கார்ந்திருந்தார் என்றுதான் புதிதாகப் பார்ப்பவர்கள் கேட்பார்கள்.

அவருடைய அப்பா ஜீயபுரத்திலிருந்து பட்டாளத்தில் சேர்ந்து, இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூருக்குப் போனவர். அப்பா அப்போது கைக்குழந்தை. காணவில்லை என்று தந்தி வந்தது. இறந்துவிட்டார் என்று அதில் இல்லை. அப்பாவின் அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. கடைசி வரை பூவும் குங்குமமுமாக இருந்து சுமங்கலியாகவே போய்ச் சேர்ந்தார். பன்னிரண்டு வருஷம் கழித்துக் கருமாதி செய்துவிடலாம் என்று உறவுக்காரர்கள் வந்தபோது, "நாளைக்கு அவர் வந்து நின்னா என்ன பதில் சொல்லுவீங்க?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டாராம்.

பாட்டி போன பிறகு அப்பா அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். நூறு வயதுக்கு மேல் ஆன மனிதர் எங்கிருந்துப்பா வருவார் என்று நான் எரிந்து விழுந்திருக்கிறேன். "செத்ததை நீ பார்த்தியா?" என்பார். இவரும் இப்படியே காத்திருந்து போய்விடுவாரோ, அந்த மனிதருக்கு பெற்ற பிள்ளை கையால் எள்ளும் தண்ணீரும் கிடைக்காமலே போய்விடுமோ என்பதுதான் என் கவலை.

என் மகளுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. போர்க் கல்லறைகளுக்கான இணையதளத்தில், இறந்தவர்கள் பட்டியலில் அவரை அவள் தேடிக் கண்டுபிடித்தாள். கொள்ளுத்தாத்தாவின் பெயர், அவர் மனைவியின் பெயர், ஜீயபுரம், எல்லாம் சரியாக இருந்தன. அப்பாவிடம் சொன்னேன். ஈரத் துண்டை உதறிக் கொடியில் போட்டார். "பார்த்துட்டு வந்துடலாம்" என்றார்.

திருச்சியில் விமானம் ஏறி ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் சிங்கப்பூர் வந்துவிட்டது. மறுநாள் காலை கிளம்பும்போது மகள் பூ வாங்கலாமா என்று கேட்டாள். "உயிரோட இருக்கறவருக்கு எதுக்கும்மா பூ?" என்றார் அப்பா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கல்லறை ஊருக்கு வடக்கே ஒரு மேட்டுச் சரிவில் இருந்தது. வெள்ளைக் கற்கள் வரிசை வரிசையாக நின்றன. அப்பா முதலில் பார்த்தது புல்லை. "என்னமா வெட்டியிருக்கான்" என்றார். பிறகு கற்களில் இருந்த வயதுகளை வாய்விட்டுப் படித்தார். கொஞ்ச தூரம் போனதும் படிப்பதை நிறுத்திவிட்டார். உச்சியில் உயரமான சுவர்கள். மகள் ஓரிடத்தைக் காட்டினாள். ஆங்கில எழுத்தில் பெயர் செதுக்கியிருந்தது. வாழ்நாள் முழுக்கத் தன் பெயருக்கு முன்னால் இனிஷியலாகப் போட்டு வந்ததை அப்பா அங்கே முழுசாகப் பார்த்தார்.

"இதுக்குக் கீழ யாரும் இல்லையா?"

"இல்ல தாத்தா. உடம்பு கிடைக்காதவங்க பேரைத்தான் இந்தச் சுவர்ல போட்டிருக்காங்க."

தலையாட்டினார். அழவில்லை, கும்பிடவில்லை. வெயில் ஏறுவதாகச் சொல்லி இறங்கத் தொடங்கினார். இவ்வளவு தூரம் வந்ததும் வீண்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மகளின் வீடு அடுக்குமாடியில் எட்டாவது மாடி. கதவைத் திறந்ததும் அப்பா வெளியிலேயே நின்றுவிட்டார். ஒரு வாளி தண்ணீர் வேண்டும் என்றார். கல்லறைக்குப் போய் வந்த தீட்டு என்று நினைத்து நான் சள்ளென்று விழுந்தேன்.

"எண்பது வருஷத்துக் கல்லறைப்பா அது. அதுக்கெல்லாம் தீட்டு கிடையாது. உள்ள வந்து பாத்ரூம்ல குளிங்க."

"அந்தத் தீட்டு இல்லப்பா" என்றார் பொறுமையாக. "எங்கப்பா செத்த சேதி இன்னைக்குத்தான் எனக்கு வந்திருக்கு. தலை முழுகாம எப்படி உள்ள வர்றது?"

மகள்தான் வாளியைத் தூக்கி வந்தாள். உடுத்திய வேட்டி சட்டையோடு, பொது நடையில் நின்று தலையில் ஊற்றிக்கொண்டார். பக்கத்து வீட்டுச் சீன அம்மா கதவைத் திறந்து பார்த்தார். எங்கள் முகங்களையும் பார்த்துவிட்டு மெதுவாகச் சாத்திக்கொண்டார். ஓடிய தண்ணீரை மாப்பால் துடைத்தது நான். துடைத்துக்கொண்டே அழுதேன். பார்த்திராத மனிதருக்காகவா, இத்தனை வருஷம் படியில் உட்கார்ந்திருந்தவருக்காகவா என்று கேட்டால் தெரியாது.

ஊர் திரும்பியதும் கருமாதி முடிந்தது. அடுத்து வந்த ஆடி அமாவாசைக்குக் நாங்கள் இருக்கும் காட்டூரிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பினோம். அம்மா மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. அப்பா வழக்கமான படியில் நின்றார். உட்காரவில்லை. சட்டையைக் கழற்றி, கண்ணாடியையும் போனையும் அதில் சுற்றிப் பைக்குள் வைத்து என்னிடம் கொடுத்தார்.

"பார்த்துக்க" என்று சொல்லிவிட்டு, தன் சித்தப்பா பிள்ளைகளோடு போய் உட்கார்ந்தார்.

வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்த ஐயர் இவரிடம் தகப்பனார் பெயரைக் கேட்டார். அப்பா சொன்னார். கூட்டத்தின் இரைச்சலில் ஐயருக்குக் கேட்கவில்லை. மறுபடி கேட்டார்.

அப்பா இந்த முறை சத்தமாகச் சொன்னார். மடியில் அவர் பையோடு நான் உட்கார்ந்திருந்த படி வரை கேட்டது.